உரம் பட்டால் அழியும் நிலம்

வட ஜெர்மனியில், லூனெபுர்க் ஹைடே என்ற புதர்வெளியில், இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினால் அதன் சுவரில் நிறங்கள் பட்டை பட்டையாகத் தெரியும். மேலே கருத்த, நார் நாராகப் பிய்ந்துவரும் மட்கு. அதற்குக் கீழே சத்தெல்லாம் கழுவப்பட்டுச் சாம்பல் நிறமாக வெளுத்த மணல். அதை வெறுங்கையால் அள்ளிவிடலாம். அடுத்து, கோடு போட்டுப் பிரித்த சுத்தத்தில், கரும்பழுப்பாக ஓர் அடுக்கு. அதன் அடியில் துருச் சிவப்பு. கடைசியில் சாதாரண மஞ்சள் மணல். அந்தக் கரும்பழுப்பு அடுக்குக்கு வந்ததும் மண்வெட்டி நின்றுவிடும். கடப்பாரைதான் எடுக்க வேண்டும்.

மண்ணியலார் இப்படிப்பட்ட மண்ணைப் பொட்சால் என்கிறார்கள். உருவாகும் விதம் எளிது. மேலே வளரும் செடியின் சருகு மட்கும்போது அமிலம் சுரக்கிறது. மழைநீர் அந்த அமிலத்தோடு இறங்கும்போது மணலில் உள்ள இரும்பையும் அலுமினியத்தையும் மட்கின் சாரத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. சில சாண் ஆழத்தில் எல்லாம் மறுபடி படிந்து இறுகுகின்றன. நூற்றாண்டுக் கணக்கில் இது நடந்தால் மணலே கல்லாகிவிடும். ஓர்ட்ஷ்டைன் என்று அந்த ஊர் விவசாயிகள் சொல்லும் அடுக்கு இதுதான். மரத்தின் வேர் இதைத் துளைக்காது; இதில் பட்டால் ஏர் முனையே உடையும்.

இந்த மண்ணுக்கு மேலேதான், ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும், கண்ணுக்கெட்டிய தூரம் ஊதா நிறத்தில் பூக்கிறது ஹெதர் செடி. அதைப் பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலானோர் தாங்கள் பார்ப்பது மனிதன் கை படாத இயற்கை என்று நினைத்துக்கொண்டு திரும்புவார்கள். உண்மையில் ஐரோப்பாவில் இதைவிட அதிகமாக மனிதன் கை பட்ட நிலத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஹெதர், ஏழை மண்ணின் செடி. அந்த மண்ணை ஏழையாகவே வைத்திருக்க ஐயாயிரம் ஆண்டுகளாக யாரோ வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஹாம்பர்க், பிரேமன், ஹனோவர் ஆகிய மூன்று நகரங்களுக்கு நடுவே, வடக்கில் எல்பே ஆறும் தெற்கில் ஆலர் ஆறும் எல்லையாக, பரந்து கிடக்கிறது இந்தப் பகுதி. பனியூழிக் காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளங்கள் தள்ளிக்கொண்டு வந்த மணலும் சரளையும் பாறைகளும் கொட்டிய இடம். மிக உயர்ந்த மேடான வில்செடர் பெர்க் வெறும் 169 மீட்டர்தான். ஆனால் சுற்றிலும் சமவெளி என்பதால் அதன் உச்சியிலிருந்து வானம் தெளிந்த நாளில் ஹாம்பர்க் கோபுரங்கள் தெரியும். கணித மேதை காஸ், 1820களில் ஹனோவர் அரசுக்காக நில அளவை செய்தபோது இந்த மேட்டை ஒரு முக்கோணப் புள்ளியாகத் தேர்ந்தது அதனால்தான். தொலைவில் இருப்பவருக்குச் சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பிக் காட்டும் ஹீலியோட்ரோப் கருவியை அந்த வேலைக்காகத்தான் அவர் உருவாக்கினார். யூரோ வருவதற்கு முன் புழங்கிய 10 மார்க் நோட்டின் முன்பக்கத்தில் காஸின் முகம், பின்பக்கத்தில் அவர் வட ஜெர்மனியில் வரைந்த முக்கோண வலையின் ஒரு துண்டு.

பனி விலகிய பின் இங்கே காடுதான் இருந்தது. சதுப்பு நிலங்களில் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கும் மகரந்தத்தூள் அதைச் சொல்கிறது. ஆழத்தில் மர மகரந்தம் மிகுதி. மேலே வர வர ஹெதரும் புல்லும் தானியமும் கூடுகின்றன. கி.மு. 3000 வாக்கில் புதிய கற்கால விவசாயிகள் காட்டை வெட்டியும் எரித்தும் திறந்தார்கள். அவர்களுடைய பெருங்கல் ஈமக்கல்லறைகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. ஏழு கல்வீடுகள் என்று பெயர் பெற்ற தொகுதி ஒன்று இருக்கிறது. போய் எண்ணினால் ஐந்துதான்.

மணல் நிலத்தில் மரம் போனபின் சத்து நிற்காது. மழை கழுவிக்கொண்டு போகும். மேய்ந்த ஆடு மாடு மிச்சத்தைத் தின்றுவிடும். இந்தப் பஞ்சத்தில் பிழைக்கத் தெரிந்த செடி ஹெதர். இலை ஓரிரு மில்லிமீட்டர்தான்; செதில் செதிலாகத் தண்டோடு ஒட்டியிருப்பதால் நீரை அதிகம் இழப்பதில்லை. மயிரிழை போன்ற அதன் வேர்களுக்குள் ஒரு வகைப் பூஞ்சை குடியிருக்கிறது. மட்காத சருகிலிருந்துகூட நைட்ரஜனைப் பிரித்தெடுத்துச் செடிக்குக் கொடுப்பது அந்தப் பூஞ்சை. பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. மற்ற செடிகள் சத்தில்லாமல் தவிக்கும் இடத்தில் ஹெதர் நிம்மதியாக வளர்கிறது. அதன் சருகு அமிலத்தைச் சுரந்து மண்ணை மேலும் வறியதாக்குகிறது. போட்டிக்கு யாரும் வர முடியாதபடி தன் வாசலைத் தானே பூட்டிக்கொள்கிறது.

லூனெபுர்க் நகரத்துக்கு வருகிறவர்களிடம் வழிகாட்டிகள் வேறு ஒரு கதை சொல்வது வழக்கம். அந்த ஊர் உப்பால் வாழ்ந்த ஊர். நிலத்தடியிலிருந்து ஊறும் உப்புநீரைக் கொப்பரையில் காய்ச்சி உப்பெடுப்பார்கள். 956-ஆம் ஆண்டின் அரச ஆவணத்திலேயே அந்த உப்பாலை வருகிறது; 1980 வரை ஓடியது. பால்டிக் கடலின் ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்த லூபெக் துறைமுகம் வழியாகப் போனது இந்த உப்புதான். கொப்பரைக்கு இரவு பகலாக விறகு வேண்டும். அந்த விறகுக்காகக் காட்டை மொட்டையடித்ததால் ஹைடே உண்டானது என்பது கதை. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு உதைக்கிறது. ஹெதர் பரவியது உப்பாலைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே. விறகில் பெரும்பகுதி ஷால்சே ஏரிப் பக்கத்திலிருந்தும் மெக்லென்பர்கிலிருந்தும் நீர்வழியாக வந்தது. அதோடு, போர்ச்சுகலின் வடக்கிலிருந்து நார்வே வரை அட்லாண்டிக் ஓரமெங்கும் இதே புதர்வெளி இருக்கிறதே, அங்கெல்லாம் எந்த லூனெபுர்க் உப்புக் காய்ச்சியது?

ஹைடேயைப் பரப்பியதும் காத்ததும் விவசாயியின் சாணக்குழிதான். மணல் நிலத்தில் ரை தானியம் விளைய வேண்டும். அதற்கு உரம் வேண்டும். உரத்துக்கு வேறு வழியில்லை. எனவே அகன்ற கனமான களைக்கொட்டை எடுத்துக்கொண்டு புதர்வெளிக்குப் போவார்கள். ஹெதரை வேரோடும் மேல்மட்கோடும் சேர்த்துப் பாளம் பாளமாகச் செதுக்கி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து தொழுவத்தில் பரப்புவார்கள். இந்தப் பாளத்துக்குப் பிளாக்கன் என்று பெயர். ஆடும் மாடும் அதன்மேல் படுத்து, சாணியும் மூத்திரமும் ஊறி, குளிர்காலம் முழுவதும் மிதிபட்டுக் கிடக்கும். பிறகு அது வயலுக்குப் போகும். செதுக்கிய இடத்தில் வெறும் மணல் தெரியும். அங்கே ஹெதர் மறுபடி தலையெடுத்து, மீண்டும் செதுக்கும் நிலைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். ஓர் ஏக்கர் வயலை வாழவைக்கப் பல ஏக்கர் புதர்வெளி தேவைப்பட்டது இதனால்தான். ஊரைச் சுற்றி மைல் கணக்கில் இருந்த சத்தையெல்லாம் வாரி, வீட்டருகே இருந்த சில துண்டு வயலில் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். பல தலைமுறை இப்படிக் கொட்டியதில் அந்த வயல்கள் சுற்று நிலத்தைவிட மேடாகிவிட்டன. புதர்வெளியோ சில இடங்களில் ஹெதர்கூட முளைக்காமல், காற்றில் நகரும் மணல்மேடானது.

இந்த முதுகொடியும் வேலையில் பாதியை ஆடுகள் பார்த்துக்கொண்டன. ஹைட்ஷ்னுக்கே என்ற அந்த ஆட்டினம் ஹெதரைத் தின்றே உயிர் வாழும். முகமும் காலும் கறுப்பு, உடல் சாம்பல் நிறக் கரடுமுரடான கம்பளி, கிடாய்க்கும் பெட்டைக்கும் கொம்பு. குட்டி பிறக்கும்போது முழுக் கறுப்பாக இருந்து, அடுத்த ஆண்டில்தான் உடல் வெளுக்கத் தொடங்குகிறது. மந்தை பகலில் ஹெதரின் நுனியையும் பிர்ச், பைன் நாற்றுகளையும் கடிக்கும். மாலையில், கூரை தரையைத் தொடுமளவு இறங்கிய பட்டிக்குத் திரும்பும். இரவு போடும் புழுக்கை முழுதும் பட்டியிலேயே. பகலில் புதர்வெளியின் சத்தைத் தின்று, இரவில் உரக்குழிக்கு வரவு வைக்கும் ஏற்பாடு. அவை தொடாத செடி ஜூனிபர். முள் முள்ளான இலை பிடிக்காததால் விட்டுவிடும். இன்று ஹைடே படங்களில் காவல்காரன் போல நிமிர்ந்து நிற்கும் கரும்பச்சைத் தூண்களெல்லாம் ஆடு வேண்டாம் என்று ஒதுக்கியவை.

ஆடு சிலந்தி வலைகளையும் அறுத்துக்கொண்டே போகும் என்பார்கள் இடையர்கள். தேனீ வலையில் சிக்காமல் இருக்க இது உதவியாம். எவ்வளவு உதவுமோ, தேனீ வளர்ப்பவர்கள் மந்தையை விரும்பியது மட்டும் நிச்சயம். இங்கே தேனீயை மரப்பெட்டியில் வளர்க்கும் வழக்கம் பிந்தி வந்தது. ரை வைக்கோலைப் புரியாக்கி, சுற்றிச் சுற்றித் தைத்து, கவிழ்த்த குடம் அளவில் கூடை முடைவார்கள். வெளிப்புறம் பசுஞ்சாணம் மெழுகுவார்கள். வசந்தத்தில் கூடைகளை வண்டியேற்றிப் பூவுள்ள ஊர்களுக்குக் கொண்டுபோய், ஒரு கூட்டம் இரண்டாகி மூன்றாகப் பிரியவிட்டு, ஆகஸ்ட்டில் ஹைடேக்குத் திரும்புவார்கள். பூ முடிந்ததும் கூடையைத் தூக்கிப் பார்ப்பார்கள். மிகக் கனத்ததையும் மிக இளைத்ததையும் கந்தகப் புகை போட்டுக் கொன்று தேன் எடுப்பார்கள். நடுத்தரமானவை மட்டும் குளிர்காலத்தைக் காணும். கொடுமையான கணக்கு என்று இன்று தோன்றும். வெல்லமும் சர்க்கரையும் எட்டாத விலையில் இருந்த காலத்தில் தேன்தான் இனிப்பு, மெழுகுதான் தேவாலயத்து வெளிச்சம்.

அந்தத் தேனுக்கு ஒரு வினோத குணம் உண்டு. அடையை வெட்டிச் சாய்த்தால் ஒழுகாது. சுழற்றும் எந்திரத்தில் போட்டாலும் எளிதில் வெளியே வராது. ஹெதர் தேனில் கலந்துள்ள ஒரு புரதம் அதைக் கூழாக இறுக வைக்கிறது. கரண்டியால் கலக்கினால் நீராக இளகும், கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி இறுகும். தக்காளி சாஸ் புட்டியைக் குலுக்கினால்தான் இறங்குகிறதே, அதே சங்கதி. இயற்பியலில் இதற்குத் திக்ஸோட்ரோபி என்று பெயர். ஆகவே ஹெதர் தேனை அடையோடு பிழிந்து எடுப்பார்கள், இல்லையென்றால் ஊசிகள் பதித்த உருளையால் ஒவ்வொரு அறையையும் குத்திக் கலக்கிய பிறகே சுழற்றுவார்கள். செந்நிறம், லேசான கசப்பு, நாக்கில் நெடுநேரம் நிற்கும் மணம். விலையும் அதற்கேற்ப.

மேல்மண் ஏழை என்றாலும் அடியில் அப்படியில்லை. உப்பைச் சொல்லியாகிவிட்டது. 1830களில் இங்கே கீசல்கூர் என்ற வெண்மண் கிடைத்தது. பனியூழிகளுக்கு இடைப்பட்ட காலத்து ஏரிகளில் வாழ்ந்த டயாட்டம் என்ற நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள்தான் அந்த மண். தொட்டால் வெடிக்கும் நைட்ரோகிளிசரினை இதில் ஊறவைத்தால் பத்திரமாகக் கையாளலாம் என்று கண்டுகொண்ட ஆல்ஃபிரட் நோபல், 1867-இல் அதற்கு டைனமைட் என்று காப்புரிமை வாங்கினார். எல்பேக்கு அக்கரையில் க்ரூம்மெலில் இருந்தது அவர் தொழிற்சாலை. தெற்கு ஓரத்தில் வீட்ஸெ என்ற ஊரில் 1858-59-லேயே எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எல்லாம் தலைகீழானது. ஆஸ்திரேலியக் கம்பளி வந்து இறங்கியதும் ஹைட்ஷ்னுக்கேயின் கரடுக் கம்பளியை வாங்க ஆளில்லை. தென்னமெரிக்கப் பறவை எச்சமும் பிறகு ரசாயன உரமும் வந்ததும் பிளாக்கன் செதுக்கத் தேவையில்லை. ஊர்ப் பொது நிலமாக இருந்த புதர்வெளியைப் பங்கு போட்டார்கள். நீராவிக் கலப்பையால் ஓர்ட்ஷ்டைனை உடைத்துப் பைன் நட்டார்கள். ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இருந்த ஆடுகள் மளமளவென்று குறைந்தன. எந்த நிலத்தைப் பயணிகள் பாலைவனம் என்று ஏசினார்களோ, அது மறையத் தொடங்கியதும் அழகாகத் தெரிய ஆரம்பித்தது. ஓவியர்கள் வந்தார்கள், கவிஞர்கள் வந்தார்கள். ஹெர்மன் லோன்ஸ் என்ற எழுத்தாளர் ஹைடேயை ஜெர்மன் வீடுகளுக்குள் கொண்டுபோனார். அவர் 1914-இல் போர்முனையில் இறந்தார். பின்னாளில் நாஜிகள் அவரைத் தங்கள் ஆளாக்கிக்கொண்டார்கள். அவர் எழுத்தில் அதற்கு இடமிருந்ததும் உண்மை.

ஹைடேயைக் காப்பாற்றியவர் கவிஞரல்ல, எகெஸ்டார்ஃப் ஊரின் பாதிரியார் வில்ஹெல்ம் போடே. வில்செடே கிராமத்தருகே டோட்டன்குருண்ட் என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே வார இறுதி வீடுகள் கட்டத் திட்டமிடுகிறார்கள் என்று தெரிந்ததும், மியூன்ஸ்டரிலிருந்த பேராசிரியர் ஆண்ட்ரியாஸ் தாம்சனிடம் பேசி, 1906-இல் அவரையே அந்த இடத்தை வாங்க வைத்தார். 1909-இல் இயற்கைப் பூங்காச் சங்கம் உருவானது. மறு ஆண்டு வில்செடர் பெர்க்கும் வாங்கப்பட்டது. 1920களின் தொடக்கத்தில் இந்தப் பகுதி சட்டப்படி இயற்கைக் காப்பிடமானது. இன்று சுமார் 23,400 ஹெக்டேர். அதில் பாதிக்கு மேல் காடு என்பதைப் பயணக் கையேடுகள் உரக்கச் சொல்வதில்லை.

காப்பிடத்துக்கு வெளியே ராணுவம் வந்தது. ஏழை நிலம், ஆள் குறைவு, விலை மலிவு. பீரங்கிப் பயிற்சிக்கு வேறென்ன வேண்டும்? 1893-இல் முன்ஸ்டர், 1935-இல் பெர்கன் என்று பயிற்சித் திடல்கள் முளைத்தன. பெர்கன் திடலின் ஓரத்தில்தான் பெர்கன்-பெல்சன் முகாம் இருந்தது. 1941-42 குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில் சோவியத் போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில் அங்கே பட்டினியிலும் நோயிலும் மடிந்தார்கள். 1943-இல் அது வதைமுகாமானது. 50,000-க்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். ஆன் ஃபிராங்க்கும் அவள் அக்கா மார்கோட்டும் அவர்களில் இருவர். 1945 ஏப்ரல் 15-இல் பிரிட்டிஷ் படை நுழைந்தபோது பிணங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. டைபஸ் பரவாமல் தடுக்கக் குடிசைகளை எரித்துவிட்டார்கள். இன்று அங்கே புல்வெளியும் ஹெதரும் மூடிய நீண்ட மண்மேடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே எத்தனை பேர் என்று ஓர் எண். ஹைடேயின் பாரம்பரியம் என்று ஊதாப் பூவையும் ஓலைக்கூரையையும் மட்டும் பேசுவது அரைக்கதை.

போருக்குப் பின் பிரிட்டிஷ் டாங்கிகள் 1994 வரை காப்பிடத்தின் பகுதிகளையே உழுது தீர்த்தன. பல இடங்களில் வெறும் மணல்தான் மிஞ்சியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உரம் விழாத, உழவு நடக்காத, மரம் நடாத திறந்த நிலம் என்பதால் இன்றும் இயங்கும் பயிற்சித் திடல்களில்தான் பெரிய புதர்வெளிகள் பிழைத்திருக்கின்றன. நூறாண்டுக்கு மேல் காணாமல் போயிருந்த ஓநாயும் அங்கேதான் திரும்பி வந்தது. 2012-இல் கீழ் சாக்சனி மாநிலத்தின் முதல் குட்டிகள் முன்ஸ்டர் திடலில் பதிவாயின. இடையர்களுக்கு அது நல்ல செய்தியாக இல்லை. மின்வேலியும் காவல்நாயும் இப்போது மந்தையின் செலவுக் கணக்கில் ஏறியிருக்கின்றன.

இப்போதைய பெரிய பகை கண்ணுக்குத் தெரியாதது. கால்நடைப் பண்ணைகளிலிருந்து அமோனியாவாகவும் வாகனப் புகையிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடாகவும் எழும் நைட்ரஜன், மழையோடும் தூசியோடும் புதர்வெளியில் விழுகிறது. யாரும் போடாத உரம். ஹெதர் புதர்வெளி தாங்கக்கூடிய அளவு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 முதல் 20 கிலோ என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். அண்மையில் அதையும் குறைத்திருக்கிறார்கள். அளவு மிஞ்சினால் புல் ஓங்கும், ஹெதர் அடங்கும். சத்தேறிய ஹெதர் இலையை ஹெதர் வண்டு விரும்பித் தின்னும். 2018 போன்ற வறட்சி ஆண்டு அதோடு சேர்ந்தால், ஆகஸ்ட்டில் ஊதாவுக்குப் பதில் பழுப்புதான்.

ஆக, ஒரு காலத்தில் விவசாயி வறுமையால் செய்ததை இன்று சம்பளம் கொடுத்துச் செய்கிறார்கள். எந்திரம் மேல்மட்கைச் செதுக்கி எடுக்கிறது. குளிர்காலத்தில் காற்று பார்த்து, சிறு சிறு துண்டுகளாகத் தீ வைக்கிறார்கள். இடையர்கள் மந்தையோடு நடக்கிறார்கள். எந்த வழி எவ்வளவு நைட்ரஜனை வெளியேற்றுகிறது என்று லூனெபுர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பாளம் செதுக்குவது மிக அதிகமாக எடுக்கிறது, கூடவே பாஸ்பரசையும் கொண்டுபோய்விடுகிறது. தீயில் நைட்ரஜன் புகையாகப் போகிறது, பாஸ்பரஸ் சாம்பலில் தங்குகிறது. ஆடு மேய்ந்தால் மட்டும் போதாது. இரவில் பட்டிக்குத் திரும்பி அங்கே புழுக்கை போட்டால்தான் சத்து உண்மையில் வெளியேறும். பழைய இடையனுக்கு இது தெரியும். அவன் கவலை வயலைப் பற்றியது, அவ்வளவுதான். சும்மா விட்டால் சில பத்தாண்டுகளில் பிர்ச்சும் பைனும் வளர்ந்து காடாகிவிடும் இடத்தை, இயற்கைக் காப்பு என்ற பெயரில் இயற்கையிடமிருந்து காத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை வேடிக்கை என்று சிலர் சொல்வதுண்டு. ஐயாயிரம் ஆண்டு உழைப்பின் மிச்சம் என்று பார்த்தால் அந்தச் செலவு நியாயம்தான் என்பது என் கட்சி.

ஜெர்மனியில் படிக்கவோ வேலைக்கோ போயிருப்பவர்கள் ஆகஸ்ட் 8-க்கும் செப்டம்பர் 9-க்கும் இடையில் ஒரு நாள் ஒதுக்குங்கள். பூக்காலத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு அதுதான். உண்டெலோ அல்லது நீடர்ஹாவர்பெக் கிராமத்திலிருந்து வில்செடேக்கு நடந்து போகலாம். சைக்கிளும் குதிரை வண்டியும் உண்டு, வந்து போகிறவர்களின் காருக்கு அனுமதி இல்லை. வில்செடேயில் பழைய விவசாய வீடு ஒன்று 1907 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. மனிதரும் மாடும் ஒரே கூரைக்குக் கீழே எப்படிக் குளிரைக் கழித்தார்கள் என்று அங்கே பார்க்கலாம். மந்தை எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று வழி விடுங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள். ஹெதர் கொத்து வேண்டுமென்றால் பூக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பிடத்துக்குள் பறிப்பது சட்டப்படி குற்றம்.